காதுக்குள் கேட்ட நாடி

சகோதரிகளே, ராத்திரி தலையணையில் தலை சாய்த்தால் போதும், காதுக்குள் "உஸ்... உஸ்..." என்று ஒரே இரைச்சல். மாமியார் எண்ணெய் காய்ச்சி விடச் சொன்னார், விட்டும் அடங்கவில்லை. ஒரு நாள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். இரைச்சலும் நாடியும் ஒரே தாளம்!

பென்னாகரத்தில் டாக்டரம்மா ரத்தம் சோதித்தார். 100 மில்லிக்கு 12 கிராமாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எனக்கு 7 தான். ரத்தம் குறைந்தால் இதயம் வேகமாக இறைக்குமாம். அந்த ஓட்டம்தான் காதில் கேட்டதாம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அடிச்சட்டிக் களியைத் தின்றால் வேறென்ன ஆகும்?

இரும்புச்சத்து மாத்திரை, கீரை, நெல்லிக்காய். சாப்பாட்டோடு காபி கிடையாது. மூன்று மாதத்தில் இரைச்சல் நின்றது.

ரத்த அழுத்தம் கூடினாலும் இப்படிக் கேட்கலாமாம். அதனால் எண்ணெய் விடாதீர்கள், டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.