கண் உள்ள துவக்கும் கண் இல்லாத துவக்கும்

இலண்டனில் வாழும் பழைய நண்பரொருவர் விடுமுறைக்கு இலங்கை வரவிருக்கிறார். தொலைபேசியில் என்னிடம் ஓர் ஆலோசனை கேட்டார். ஸ்கொட்லாந்தின் மேட்டுநிலங்களில் சில பருவங்கள் பறவை வேட்டைக்குப் போய்ப் பழகிவிட்டாராம். லக்கல மலைப்பக்கம் காட்டுக்கோழியும் கௌதாரியும் நிறைய உண்டென்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே நடந்து சுடுவதற்கு எந்த இரட்டைக்குழல் துவக்கு உகந்தது, 12 போரா 20 போரா, உள்ளூரில் ஒன்றை இரவல் பெற முடியுமா என்பன அவருடைய கேள்விகள். "ஒன்றும் வேண்டாம்" என்பதே நான் சொன்ன விடை. ஆனால் லக்கலயில் துவக்கு என்ற விவகாரம் அந்த இரண்டு சொற்களோடு முடிந்துவிடுவதன்று. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நண்பரின் ரசனையைக் குறை சொல்வதற்கில்லை. பறவை சுடுவதற்கென்று மனிதன் செய்த கருவிகளில், இரு குழல்களும் பக்கம் பக்கமாக அமைந்த துவக்குக்கு ஈடானவை குறைவு. ஓர் இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அவ்வளவு அகலமான துளை கொண்டது 12 போர்; ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். 20 உருண்டைகளாக்கினால் 20 போர். துளை சிறிது, எடையும் குறைவு, நாள் முழுதும் மலையேறுவோருக்கு வசதி. இரு குழல்களின் வாயும் பெரும்பாலும் ஒரே அளவில் இரா. ஒன்று சற்று அகன்றிருக்கும், மற்றது குறுகியிருக்கும். காலடியில் எழும் பறவைக்கு முதலாவது, விலகிப் பறக்கும் பறவைக்கு இரண்டாவது. நடுவில் மடித்துத் திறந்தால் உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும். இந்தக் கடைசிக் குணத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னர் தேவைப்படும்.

ஸ்கொட்லாந்தில் இவையெல்லாம் சரி. லக்கல எங்கே இருக்கிறது? மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவில். அந்தக் காடு 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் இலங்கையின் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. நண்பர் சுட விரும்பும் காட்டுக்கோழி இத்தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம். அதுவே இந்நாட்டின் தேசியப் பறவை. சிங்களவர் 'ஹபன் குக்குளா' என்றழைக்கும், புதரைவிட்டு எளிதில் வெளிவராத சிறுகோழியும் அவ்வாறே இங்கு மட்டும் உள்ளது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பொழுதுபோக்குக்காக இவற்றைச் சுடுவது குற்றம். இதில் விவாதிக்க எதுவுமில்லை.

ஆனால், இங்கே பறவை சுடுவது ஒரு கண்ணியமான மரபு என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது? துரைமாரிடமிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவில் குடியேறியிருந்த சாமுவேல் பேக்கர் தமது வேட்டைகளை நூலாகவே எழுதி 1854இல் வெளியிட்டார். 1845இல் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரொஜர்ஸ் என்ற அதிகாரி ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகப் பெருமையோடு எழுதிவைத்திருக்கிறார்கள். துரை சுடுவதற்காகக் காடு கலைத்தவனும் சுமை தூக்கியவனும் யார்? மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்தே வந்த நம்மவர்களும் அவர்களில் அடங்குவர். இரட்டைக்குழல் துவக்கை நம் குடும்ப மரபாகக் கொண்டாடுவதற்கு முன், அந்தக் காட்சியில் நம் பாட்டன் எந்த இடத்தில் நின்றான் என்று எண்ணிப்பார்ப்பது நல்லது.

கிராமத்தவனின் துவக்கு வேறு கதை. 1848இல் ஆளுநர் டொரிங்டன் காலத்தில் கடைக்கும், வண்டிக்கும், நாய்க்கும் வரி விதிக்கப்பட்டபோது துவக்குக்கும் ஆண்டுதோறும் இரண்டரை ஷிலிங் கட்டணம் விதிக்கப்பட்டது. துரையின் துவக்கு விளையாட்டுக்கு. கிராமத்தவனின் துவக்கு பயிருக்கு. இரண்டுக்கும் ஒரே கட்டணம் என்பது காகிதத்தில் சமத்துவம், வயலில் அநீதி. அந்த ஆண்டு ஜூலையில் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்ததற்கு இந்த வரிகள் முக்கியக் காரணம். புரன் அப்பு ஓகஸ்ட் 8ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். கொங்காலேகொட பண்டா மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டு அங்கேயே இறந்தார். டொரிங்டன் 1850இல் திருப்பி அழைக்கப்பட்டார். கிராமத்தவன் கையில் துவக்கு என்றால் அரசுக்கு ஏற்படும் நடுக்கம் மட்டும் போகவில்லை. 1916இல் சுடுகலன் கட்டளைச் சட்டம் வந்தது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியிலும், 1987 முதல் 1989 வரையிலான காலத்திலும் கிராமத்து வீடுகளிலிருந்த துவக்குகளைக் கிளர்ச்சியாளர்கள் திரட்டினார்கள். அதன்பின் அந்த நடுக்கம் இரட்டிப்பாயிற்று.

நிற்க. இன்றைய லக்கலக்கு வருவோம். களுகங்கை நீர்த்தேக்கத்தில் 2018இல் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். பழைய நகரமும் வயல்களும் நீருக்குள் போயின. புதிய நகரம் 2019இல் திறக்கப்பட்டது. அந்தப் பக்கம் காட்டோரத்தில் பயிரிடும் கமக்காரர் பெரும்பாலும் சிங்களவர். அவர்களுக்கு ஒரு பக்கம் நீர், மறுபக்கம் பாதுகாக்கப்பட்ட வனம். நடுவிலுள்ள சோளத்துக்கும் நெல்லுக்கும் இரவில் பன்றி வருகிறது, யானை வருகிறது. பகலில் குரங்கும் மயிலும் வருகின்றன.

அரசு என்ன செய்தது? 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்புவது பற்றிப் பேசியது. சூழலியலாளர்கள் நீதிமன்றம் சென்றபின் அந்தப் பேச்சைக் கைவிட்டது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து ஐந்தே நிமிடம் தத்தமது தோட்டத்தில் தென்படும் குரங்கையும் மந்தியையும் மலையணிலையும் மயிலையும் எண்ணித் தருமாறு நாட்டு மக்களைக் கேட்டது. இரவு முழுதும் பரணில் விழித்திருந்தவனிடம் காலையில் போய், ஐந்து நிமிடம் எண்ணித் தா என்கிறது அரசாங்கம். எண்ணிக்கை தெரிவது தவறன்று. எண்ணியபின் அவனுக்கு என்ன கிடைத்தது என்பதே கேள்வி.

அரசு கைவிட்ட இடத்தில் அவன் என்ன செய்கிறான்? கட்டுத்துவக்கு கட்டுகிறான்.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இடியன் துவக்கு என்பது ஓர் இரும்புக் குழாய். வாய்வழியே மருந்தும் சன்னமும் இட்டு இடித்து நிரப்புவது. அதைப் பன்றியின் விலா உயரத்துக்கு இரு கட்டைகளில் பிணைத்து, விசையிலிருந்து மெல்லிய கம்பியோ நூலோ பாதைக்குக் குறுக்கே இழுத்துக் கட்டிவிட்டால் அது கட்டுத்துவக்கு. கட்டியவன் வீட்டில் உறங்குவான். கம்பியை எது தொட்டாலும் வெடிக்கும். பன்றி தொட்டால் பன்றி, மான் தொட்டால் மான், சிறுத்தை தொட்டால் சிறுத்தை. விறகுக்குப் போன பெண் தொட்டால், பன்றிக்கு விலா இருக்கும் உயரத்தில் மனிதருக்கு முழங்காலும் தொடையும் இருக்கின்றன. கால் போகும், இரத்தம் நிற்காவிட்டால் உயிரும் போகும். இது லக்கலக்கு மட்டும் உரியதன்று. வன்னியிலும் மட்டக்களப்பிலும் செய்தி எழுதும் எந்தப் பிராந்தியச் செய்தியாளரைக் கேட்டாலும் 'கட்டுத்துவக்கு வெடித்து ஒருவர் படுகாயம்' என்ற தலைப்பைத் தம் வாழ்நாளில் எத்தனை முறை எழுதினார் என்று கணக்குச் சொல்ல முடியாமல் திணறுவார். நானும் அவ்வாறே.

இங்கேதான் என் வாதம் தொடங்குகிறது. துவக்கு இருக்கலாமா கூடாதா என்பது கொழும்பில் இருந்துகொண்டு கேட்கும் கேள்வி. காட்டோரத்தில் துவக்கு ஏற்கெனவே இருக்கிறது. அங்கே எஞ்சியுள்ள கேள்வி ஒன்றே: அதன் பின்னால் ஒரு மனிதனின் கண் இருக்கிறதா, இல்லையா? இரட்டைக்குழல் துவக்கின் பின்னால் ஒரு கண் இருக்கிறது. அந்தக் கண்ணுக்கு ஒரு பெயரும் முகவரியும் அனுமதிப்பத்திர இலக்கமும் இருக்கின்றன. கட்டுத்துவக்குக்குக் கண் இல்லை. விடிந்ததும் உரிமையாளனும் இல்லை. சட்டப்படியான துவக்கை ஏழைக் கமக்காரனுக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, சட்டவிரோதமான துவக்கை அவன் செய்துகொள்வதைப் பார்த்தும் பாராதிருப்பது பாதுகாப்புக் கொள்கை ஆகாது.

எட்டாத உயரம் என்று ஏன் சொல்கிறேன்? பயிர்ப் பாதுகாப்புக்குத் துவக்கு அனுமதி பெறும் வழி சட்டத்தில் உண்டு. ஆனால் விண்ணப்பிப்பவன் காணியைக் காட்ட வேண்டும். பொலிஸ் அறிக்கை வேண்டும். கச்சேரிக்கு நடக்க வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். துவக்கின் விலையையும் அவனே கொடுக்க வேண்டும். தலைமுறைகளாகச் சேனை செய்தவன் எந்த உறுதியைக் காட்டுவான்? படியேற முடிந்தவன் வசதியுள்ளவன். அவனுடைய வயலைக் காக்க வேலியும் கூலியாளும் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

ஆகவே என் யோசனை இது. ஒரு குறித்த காலத்துக்குள் இடியன் துவக்கை ஒப்படைப்பவர்மீது வழக்கில்லை என்று அரசு அறிவிக்கட்டும். ஒப்படைத்த ஊரின் கமக்கார அமைப்புக்கு, கமநல சேவை நிலையத்தின் பொறுப்பில், மடித்துத் திறக்கும் இரட்டைக்குழல் துவக்குகள் சிலவற்றைக் கொடுக்கட்டும். முறைக்காவலுக்குப் போகிறவர் மாலையில் கையெழுத்திட்டு வாங்கி, காலையில் திருப்பிக் கொடுக்கட்டும். தோட்டாக்கள் எண்ணிக் கொடுக்கப்பட்டு, வெற்றுக்கூடுகள் எண்ணி வாங்கப்படட்டும். அதன்பிறகும் கட்டுத்துவக்கு கட்டுகிறவனுக்குத் தண்டனை கடுமையாகட்டும். அப்போதுதான் அந்தத் தண்டனைக்கு நியாயம் இருக்கும்.

ஏன் இரட்டைக்குழல்? ஒற்றைக்குழல் மலிவுதானே என்பர். முதற்குழல் வானத்தை நோக்கி எச்சரிக்கைக்கு. கூட்டமாக இறங்கும் மயிலும் குரங்கும் அநேகமாக அதற்கே கலையும். இரண்டாங்குழல், உண்மையிலேயே பன்றி பாய்ந்து வரும்போது. மூன்றாவது வெடிக்கு இடமில்லை. தொடர்ந்து சுடும் துவக்கை இதனாலேயே நான் ஏற்கமாட்டேன். மேலே நினைவில் வைக்கச் சொன்ன குணமும் இங்கே உதவும்: மடித்துத் தோளில் போட்டு வருபவனின் துவக்கு வெறுமையானது என்பதை எதிரே வரும் பிள்ளையும் அறியும்.

மறுப்புகள் வரும். துவக்குகள் மீண்டும் பறிக்கப்படலாம் என்பது முதலாவது. அந்த அச்சம் பொய்யன்று. ஆனால் பதிவேட்டிலுள்ள துவக்கு காணாமற்போனால் மறுநாள் காலையே தெரியும். காட்டில் கட்டிய துவக்கு, ஆள் விழுந்த பிறகே தெரியும். ஒரு காலத்தில் கிராமத்துத் துவக்குகளைத் திரட்டிய கட்சியே 2024 முதல் ஆட்சியின் அச்சாணியாக இருக்கிறது. துவக்கு இல்லாத கமக்காரனின் கோபமும் துவக்குள்ள கமக்காரனின் பொறுப்பும் அவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியவை அல்ல.

துவக்கினால் பயிர் காப்பாற்றப்படாது என்பது இரண்டாவது. முழுமையாகக் காப்பாற்றப்படாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேலி வேண்டும், பரண் வேண்டும், பயிர் அழிந்தால் இழப்பீடு வேண்டும். இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் துவக்கு. ஆனால் இவை வரும்வரை அவன் வெறுங்கையோடு இருப்பான் என்று எண்ணுகிறவர் கிராமத்தை அறியாதவர்.

மூன்றாவது மறுப்பு நம்மவர்களிடமிருந்து வரும். மயில் முருகனின் ஊர்தி, சேவல் அவன் கொடி. நீ எப்படித் துவக்கைப் பரிந்துரைக்கலாம் என்பார்கள். அவர்களுக்கு நம் இலக்கியத்தையே நினைவூட்டுகிறேன். குறிஞ்சி நிலத்தில் பறவைக்கும் மனிதனுக்கும் உள்ள உறவாகச் சங்கப் புலவர்கள் மீண்டும் மீண்டும் பாடியது தினைப்புனக் காவல். பரணில் நின்று, கவண் எறிந்து, தட்டையும் குளிரும் கொண்டு ஓசையெழுப்பிக் கிளி கடிந்தாள் குறமகள். கதிர்காமத்துக்குப் போகிறவர்கள் கைகூப்பும் வள்ளியே ஒரு புனங்காவற்காரிதான். அவள் உறங்கிவிட்டு, பாதையில் மறைவாக ஒரு பொறியைக் கட்டி வைக்கவில்லை. விழித்திருந்து, எது வருகிறதென்று பார்த்து விரட்டினாள். நான் கேட்பதும் அந்த விழிப்பைத்தான்.

நண்பருக்கு இறுதியாக ஒரு சொல். லக்கலக்கு வாருங்கள், பிட்டவல பத்தனையின் புல்வெளியில் நடந்து பாருங்கள். ஓர் இருவிழிக் கண்ணாடி போதும். துவக்கொன்று வாங்க ஒதுக்கிய பணம் கையில் இருந்தால், அந்த மலையடிவாரத்தில் கட்டுத்துவக்கில் கால் இழந்தவர் ஒருவருக்குச் செயற்கைக்கால் வாங்கிக் கொடுங்கள். ஊரில் விசாரித்தால் வீட்டைக் காட்டுவார்கள்.