மீன் தொட்டி விளக்கு எரியவில்லையா? கையை வைக்காதீர்கள்!

ராயபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது. உள்ளே ஐந்து தங்க மீன்கள். மேலே ஒரு டியூப் லைட்.

ஒரு நாள் மாலை அந்த விளக்கு அணைந்துவிட்டது.

"சித்தப்பா! இருட்டில் மீனுக்குப் பயமாக இருக்காதா?" என்று என் மகள் கண் கலங்கினாள்.

குழந்தை அழுதால் சித்தப்பா சும்மா இருப்பாரா? என் தம்பி சுவிட்சை அணைத்தான். ஈரக் கையோடு விளக்கைத் தூக்கினான். மறு விநாடி "ஆ!" என்று அலறிப் பின்னால் சாய்ந்தான். காலில் ரப்பர் செருப்பு இருந்தது. தப்பினான்.

சுவிட்சை அணைத்த பிறகும் ஷாக் எப்படி அடித்தது?

எலெக்ட்ரீஷியன் வந்து காட்டினார். விளக்குக்கு இரண்டு கம்பிகள் போகின்றன. ஒன்றில் மின்சாரம் வருகிறது; மற்றொன்றில் திரும்புகிறது. வருகிற கம்பியில்தான் சுவிட்சு இருக்க வேண்டும். எங்கள் பழைய வீட்டில் யாரோ திரும்புகிற கம்பியில் வைத்துவிட்டார்கள். விளக்கு அணைந்தது. ஆனால் மின்சாரம் விளக்கு வரை வந்து காத்திருந்தது!

ஆகவே சுவிட்சை நம்பாதீர்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். அதுவும் காய்ந்த கையால். பிளக்கே நனைந்திருந்தால் அதைத் தொடாமல் மெயின் சுவிட்சை அணையுங்கள்.

கடல் காற்றின் வேலை

மீனைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கும் ஆசை சென்னைக்குப் புதிதல்ல. 1909-ல் மெரினா கடற்கரையில் மீன் காட்சி சாலை திறக்கப்பட்டது. இன்று வீட்டுக்கு வீடு தொட்டி வந்துவிட்டது. வண்ண மீனுக்குப் பேர் போன கொளத்தூர் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆனால் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்வாசிகளுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. கடலின் உப்புக் காற்று இரும்பைத் தின்கிறது. பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றுகிறது. தொட்டியிலிருந்து எழும் ஈரமும் சேர்ந்தால் விளக்கு எத்தனை நாள் தாங்கும்?

பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பிளக்கைப் பிடுங்கியாயிற்றா? அந்த இடத்தில் வேறொரு விளக்கைச் செருகிப் பாருங்கள். அது எரியாவிட்டால் கோளாறு சுவரில். எரிந்தால் கோளாறு தொட்டி விளக்கில்.

டியூப் லைட்டின் இரு முனைகளும் கறுத்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. விட்டு விட்டு மினுக்கினால் ஸ்டார்ட்டரை மாற்றிப் பாருங்கள். முனையில் களிம்பு இருந்தால் உப்புத்தாளால் மெல்லத் தேயுங்கள். எல்.இ.டி. விளக்கானால், அதன் அடாப்டரில் எழுதியிருக்கும் அதே வோல்ட் உள்ள வேறு அடாப்டர் வேண்டும். தீய்ந்த வாடை வந்தால் நீங்கள் தொடவே வேண்டாம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தட்டு இருக்கட்டும். வயர், பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கி மேலே ஏறட்டும். அப்போது வழியும் நீர் கீழே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

பியூஸ் காப்பாற்றுமா?

"பியூஸ் இருக்கிறதே!" என்பார்கள். பியூஸ் வயரைக் காப்பாற்றும். மனிதனைக் காப்பாற்றாது. 5 ஆம்பியர் பியூஸ் என்றால் 5,000 மில்லி ஆம்பியர். மனித உயிரைப் பறிக்க அதில் நூறில் சில பங்கு போதும்.

மனிதனைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்னும் சிறு கருவி. போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் கணக்குப் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் போதும், கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும்.

இதை வைப்பது யார்? "வீட்டுக்காரர் வைக்கட்டும்" என்கிறார் குடியிருப்பவர். "மீன் வளர்ப்பது அவர்தானே" என்கிறார் வீட்டுக்காரர். இந்த வழக்கு தீருவதற்குள் ஓர் உயிர் போய்விடலாம். சுவருக்குள் இருக்கும் கம்பி வீட்டுக்காரருடையது. அதற்குரிய காவலும் அவர் கடமை என்பதே என் கருத்து. தொட்டி விற்கும் கடைக்காரர்களும் "பிளக்கைப் பிடுங்கிய பிறகே கை வைக்கவும்" என்று ஒரு வரி, தமிழில், தொட்டியின் மேல் ஒட்டித் தர வேண்டும்.

அத்திப்பட்டு அனல் மின் நிலையம் நமக்குக் கூப்பிடு தூரம். மின்சாரம் பிறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். ஆனால் அதோடு பழகத் தெரியவில்லையே!

அன்றிரவு எங்கள் மீன்கள் இருட்டில் இருந்தன. காலையில் வெயில் வந்ததும் தீனி கேட்டுக் கண்ணாடியோரம் கூடின. ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. விளக்கு இல்லாவிட்டால் மீன் சாகாது. செடி இருந்தால் அதுகூடச் சில நாள் பொறுக்கும்.

அவசரம் மீனுக்கு இல்லை. நமக்கும் வேண்டாம். முதலில் பிளக். பிறகுதான் கை!