அரைப் பேர் தெரிந்த பிள்ளைக்குக் கெமிஸ்ட்ரி ஏறாதா?



"தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சேதன இரசாயனம் ஏறாது." போன கிழமை ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னவர் வெளியாள் இல்லை, எங்களைப் போல ஓர் ஆசிரியர். நாங்களும் கேட்டுக்கொண்டு வாயை மூடியிருந்தோம். அதுக்குத்தான் இந்தப் பதிவு.

நிரம்பாமை அளவு என்று கரும்பலகையில் ஒரு சூத்திரத்தை எழுதி, "பாடமாக்கு, பேப்பரில் வரும்" என்று விட்டால் யாருக்கு ஏறும்? கொழும்புப் பிள்ளைக்கும் ஏறாது. அந்தப் பிள்ளைக்கு டியூஷன் இருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் பிள்ளைகளின் அம்மாமார் தராசடியில் தினம் போடுகிற கணக்குத்தான் இது. கேட்ட கிலோ எவ்வளவு, எடுத்த கொழுந்து எவ்வளவு, எவ்வளவு குறைந்து அரைப் பேர் விழுந்தது? மூலக்கூற்றிலும் அதேதான். காபன் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஐதரசன், சங்கிலியின் இரு முனைக்கும் ஒவ்வொன்று. அது முழுப் பேர். குறைகிற ஒவ்வொரு சோடி ஐதரசனுக்கும் ஓர் இரட்டைப் பிணைப்போ ஒரு வளையமோ இருக்கும். (மும்மைப் பிணைப்பு என்றால் இரண்டு சோடி.) ஒட்சிசன் கணக்கை மாற்றாது. நைதரசன் இருந்தால் தலைக்கு ஓர் ஐதரசனை முழுப் பேரில் கூட்ட வேண்டும்.

தேயிலை மணத்தில் ஜெரனியோல் இருக்கிறது. 10 காபன், 18 ஐதரசன், 1 ஒட்சிசன். முழுப் பேர் 22, நாலு குறைவு, ஆக இரண்டு சோடி. நுவரெலியாவில் போத்தலில் விற்கிற யூக்கலிப்டஸ் எண்ணெயின் முக்கிய சரக்கு சினியோல். அதற்கும் அச்சொட்டாக அதே 10, 18, 1! ஆனால் ஜெரனியோலில் இரண்டு இரட்டைப் பிணைப்பு, வளையமே இல்லை. சினியோலில் இரண்டு வளையம், காபன்களுக்கிடையில் இரட்டைப் பிணைப்பே இல்லை. எது எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பது? புரோமீன் நீரைச் சேர்த்துக் குலுக்குங்கள். நிறம் போனால் ஜெரனியோல். இதில் பாடமாக்க என்ன இருக்கிறது?

கஃபீனையும் பிள்ளையிடம் கொடுங்கள்: 8 காபன், 10 ஐதரசன், 4 நைதரசன், 2 ஒட்சிசன். ஆறு சோடி வர வேண்டும்.

ஆய்வுகூடம் இல்லை, விஞ்ஞானப் பட்டதாரிகள் போதாது என்பது உண்மை. அதற்கும் கத்துவோம். ஆனால் கல்வியியற் கல்லூரி முடித்து வந்த எங்களுக்கே இது விளங்குகிறது. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில், பஸ்ஸில் போகும் தூரத்தில் இருக்கிறது. அங்கே கொழுந்தை மட்டும்தானா நாங்கள் அனுப்ப வேண்டும்?

சாதாரண தர முடிவு வந்ததும், "கலைப்பிரிவே போதும்" என்று படிவத்தில் எழுத முன், ஒரு தடவை பிள்ளையோடு பாடசாலைக்கு வந்து எங்களைச் சந்தியுங்கள்.