அறுபத்தேழு தோல்விகளும் ஒரு வெற்றியும்



மார்ச் மாதம் பாதி கடந்துவிட்டால் அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒருவகைக் காய்ச்சல் பரவத் தொடங்கும். மருத்துவரிடம் அதற்கு மருந்தில்லை. அலுவலகங்களில் கோப்புகள் நகராமல் கிடக்கும். பாட்டனும் பேரனும் ஒரே தாளின்மேல் குனிந்து, எந்தக் கல்லூரி எந்தக் கல்லூரியை வெல்லும் என்று வாதாடுவர். பந்தைக் கையால் தொட்டறியாதவர்களும், பெயரைத் தவிர வேறொன்றும் தெரியாத ஓர் அணிக்காக இரவு விழித்திருப்பர். அந்நாட்டு மக்களே இதற்கு 'மார்ச் பித்து' என்று பெயர் சூட்டியிருக்கின்றனர். கல்லூரிகளுக்கிடையே நடைபெறும் தேசியக் கூடைப்பந்துப் போட்டியே இப்பித்துக்குக் காரணம்.

கடல் கடந்த நாட்டில் மாணவர்கள் பந்தாடினால் நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். ஆடுவோரைப் பற்றியன்று, ஆட்டத்தைப் பார்த்து ஆர்ப்பரிப்போரைப் பற்றியே இம்மாதம் பேச விரும்புகிறோம். நம் இல்லங்களிலும் ஏதேனும் ஓர் அணிக்காக உயிரையே விடுகிற பிள்ளை ஒருவன் இருக்கத்தானே செய்கிறான்? அவன் மனத்தில் நிகழ்வது என்ன என்பதைப் பெற்றோர் அறிந்துகொள்வது நன்று.

கூடைப்பந்து வயதில் இளைய விளையாட்டு. 1891ஆம் ஆண்டு டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், பனிக்காலத்தில் கூரைக்கடியில் ஆட ஒரு விளையாட்டு வேண்டுமென்று எண்ணி, பழம் வைக்கும் இரு கூடைகளை மாடத்தில் ஆணியடித்து மாட்டினார். 13 விதிகளையும் எழுதினார். 1939இல் எட்டுக் கல்லூரிகளுடன் தேசியப் போட்டி தொடங்கிற்று. 1985இல் அணிகளின் தொகை 64 ஆயிற்று. 2011இல் 68ஐ எட்டிற்று.

போட்டியின் விதி மிகக் கடுமையானது. ஏறத்தாழ மூன்று வாரம் நடைபெறும் இது முழுவதும் 'நாக் அவுட்' முறை. ஒரு முறை தோற்றால் மூட்டை கட்டிவிட வேண்டியதுதான், மறுவாய்ப்பு கிடையாது. நாற்பது நிமிட ஆட்டத்தின் கடைசி நொடியில் ஒரு மாணவன் எறிந்த பந்து வளையத்தின் விளிம்பைச் சுற்றி வெளியே விழுந்தால், அவனது ஓராண்டு உழைப்பும் அத்துடன் முடிந்தது. 68 அணிகள் ஆடினால் 67 ஆட்டங்கள். 67 ஆட்டங்களென்றால் 67 தோல்விகள். ஓர் அணியைத் தவிர ஏனைய அனைத்தும் தோற்றே வீடு திரும்பும். ஓர் அணியை நேசிக்கத் துணிகிறவன், தோற்கப்போகும் அணியையே நேசிக்கிறான் என்பது அநேகமாக உறுதி. இதை நன்கு அறிந்தும் மக்கள் நேசிக்கிறார்களே, அதுதான் வியப்பு!

போட்டி தொடங்குமுன் ஆட்ட அட்டவணை வெளியாகும். மரம் கிளைவிடுவதுபோல் அமைந்த அத்தாளில் ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்லப்போவது யார் என்று இலட்சக்கணக்கானோர் தாமே எழுதி நிரப்புவர். 63 ஆட்டங்களின் முடிவையும் வெறும் ஊகத்தால் சரியாக எழுதுவதற்குள்ள வாய்ப்பு, சுமார் 92 ஆயிரம் கோடி கோடியில் ஒன்று! பிழையின்றி நிரப்பப்பட்ட தாள் ஒன்றேனும் இதுவரை உறுதிசெய்யப்பட்டதில்லை. முதல் இரண்டு நாள்களிலேயே அறிஞர் தாளும் அறியாதார் தாளும் ஒன்றுபோல் கிழிந்துபோகின்றன. மனிதக் கணிப்பு எவ்வளவு நொய்மையானது என்பதை ஒரு நாடு முழுவதும் ஆண்டுதோறும் சிரித்துக்கொண்டே கற்கும் பாடம் இது.

இந்த ஊகங்களைத் தகர்ப்பவை சிறிய கல்லூரிகளே. அணிகளை வலிமைக்கேற்ப நான்கு பிரிவுகளில் 1 முதல் 16 வரை வரிசைப்படுத்துவர். முதல் எண் பெற்ற அணியும் பதினாறாம் எண் பெற்ற அணியும் தொடக்கத்திலேயே மோதும். ஆடவர் போட்டியில் 1985 முதல் இப்படி நடந்த 135 ஆட்டங்களிலும் பதினாறாம் எண் அணியே தோற்றது. 136ஆம் முறை, 2018 மார்ச் 16 அன்று, மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்டிக் கல்லூரி, நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற வர்ஜீனியாவை 74–54 என்று வீழ்த்தியது. தாவீது கோலியாத்தை வீழ்த்திய செய்தி கேட்டதுபோல் நாடே துள்ளியது. வர்ஜீனியாவின் இரசிகர்களோ தலைகுனிந்து நின்றனர். ஆயினும் அவர்கள் தம் அணியைக் கைவிடவில்லை. மறு ஆண்டு 2019இல் அதே வர்ஜீனியா இறுதியாட்டத்தில் டெக்சஸ் டெக் அணியைக் கூடுதல் நேரத்தில் 85–77 என்று வென்று பட்டம் சூடியது. முந்திய ஆண்டின் அவமானத்தை உடனிருந்து சுமந்தவனுக்கு அந்த வெற்றி எவ்வளவு இனித்திருக்கும்!

கத்தோலிக்கக் கல்லூரிகளுக்கு இப்போட்டியில் தனியோர் இடமுண்டு. அமெரிக்கக் கால்பந்தாட்டத்திற்குப் பெரும் படையும் பெரும் பொருளும் வேண்டும். கூடைப்பந்துக்கோ ஐந்து பேர் களத்திலிருந்தால் போதும். ஒரு கூடமும் இரண்டு வளையங்களும் போதும். நகரத் தெருக்களில், குடியேறிய ஏழைகளின் பிள்ளைகளுக்காகத் துறவற சபையார் நிறுவிய கல்லூரிகளுக்கு இவ்விளையாட்டு பொருந்தியதில் வியப்பில்லை. 1947இல் ஹோலி கிராஸ், 1954இல் லசால், 1955, 1956 ஆண்டுகளில் சான் பிரான்சிஸ்கோ, 1977இல் மார்க்கெட் என வெற்றிப் பட்டியல் நீள்கிறது. 1985இன் இறுதியாட்டத்தில் இயேசு சபையாரின் ஜார்ஜ்டவுனும் அகுஸ்தீன் சபையாரின் வில்லனோவாவும் எதிரெதிரே நின்றன. அது புனித வாரத் திங்கட்கிழமை. ஜார்ஜ்டவுன் முந்திய ஆண்டின் வெற்றி வீரர். வில்லனோவா தன் பிரிவில் எட்டாம் எண். அன்றிரவு வில்லனோவா மாணவர் கூடையை நோக்கிக் களத்திலிருந்து எறிந்த 28 எறிகளில் 22 உள்ளே விழுந்தன. 66–64 என்று வென்றனர். அதைவிடத் தாழ்ந்த எண் பெற்ற எந்த ஆடவர் அணியும் அதன் பின்னர்ப் பட்டம் வென்றதில்லை.

பெண்கள் இதில் பின்தங்கியவர்களல்லர். பிலடெல்பியாவுக்கு அருகே இம்மாக்குலாட்டா என்று அமலோற்பவ அன்னையின் பெயர் தாங்கிய சிறு கல்லூரி ஒன்றுண்டு. மகளிருக்கான தேசியப் போட்டி 1972இல் நடைபெற்றபோது அங்குச் செல்லப் பயணச் செலவுக்குப் பணமில்லை. மாணவிகள் பல்துலக்கிகளை விற்றுப் பணம் சேர்த்தனர். அப்படியும் எட்டுப் பேரே விமானமேற முடிந்தது. பதினாறு அணிகளில் பதினைந்தாம் இடம் அவர்களுக்கு. ஒரு வாரத்திற்கு முன் தங்களை 32 புள்ளிகளில் தோற்கடித்திருந்த வெஸ்ட் செஸ்டர் கல்லூரியையே இறுதியாட்டத்தில் சந்தித்து, 52–48 என்று வென்றனர்! 1973, 1974 ஆண்டுகளிலும் பட்டம் அவர்களுக்கே.

அந்தக் கல்லூரியின் இரசிகர்கள் யார் தெரியுமா? அங்குப் பணியாற்றிய கன்னியர்களே! ஆட்டக்காரி ஒருத்தியின் தந்தை இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். அக்கடையிலிருந்து வந்த தகர வாளிகளைக் கட்டையால் தட்டி, கூடமே அதிரும்படி அக்கன்னியர் ஆரவாரித்தனர். செபமாலை உருட்டும் கைகள் வாளி தட்டிய அக்காட்சியை எண்ணிப் பாருங்கள்! உற்சாகம் பக்திக்குப் பகையன்று.

கன்னியர் என்றதும், இரசிகர்களுக்கெல்லாம் தாயாக விளங்கிய ஒருவரைக் குறிப்பிடாமலிருக்க முடியாது. சிக்காகோ நகரில் இயேசு சபையார் நடத்தும் லயோலா பல்கலைக்கழக அணிக்கு 1994 முதல் ஆன்ம வழிகாட்டியாயிருந்தவர் அருட்சகோதரி ஜீன் டோலரஸ் ஷ்மிட். பிறந்தது 1919இல். ஆட்டத்திற்குமுன் அணியினருடன் செபிப்பார். எதிரணியில் யார் வலியவர், யாரைக் கவனிக்கவேண்டும் என்றும் சொல்வார். ஆட்டம் முடிந்தபின் நிறைகுறைகளை எழுதி அனுப்புவார். 2018இல் தம் 98ஆம் வயதில், சக்கர நாற்காலியில் அமர்ந்து, கல்லூரி வண்ணத்தில் கழுத்துத்துண்டு அணிந்து அவர் அரங்கிற்கு வந்தபோது, பதினோராம் எண் பெற்ற அவ்வணியை யாரும் பொருட்படுத்தவில்லை. மயாமியை 64–62, டென்னசியை 63–62, நெவாடாவை 69–68 என ஒன்றிரண்டு புள்ளிகளில் வென்று, கன்சாஸ் ஸ்டேட் அணியை 78–62 என்று வீழ்த்தி அரையிறுதியை எட்டியது லயோலா. அட்டவணைத் தாளில் அருட்சகோதரியே தம் பிள்ளைகளுக்கு அவ்வளவு தூரம் இடங்கொடுக்கவில்லை. கடைசிப் பதினாறு அணிகள் வரை வருவார்கள் என்றே எழுதியிருந்தார். அவர் கணிப்புப் பொய்த்ததில் அவரைவிட மகிழ்ந்தவர் யார்?

அரையிறுதி புனித சனிக்கிழமை, மார்ச் 31 அன்று நடந்தது. இடைவேளையின்போது முன்னிலையில் நின்ற லயோலா இறுதியில் மிச்சிகனிடம் 57–69 என்று தோற்றது. அவர் அத்துடன் விலகிவிடவில்லை. மூன்றாண்டுகள் கழித்து, 101 வயதில் மீண்டும் அரங்கிற்கு வந்து, முதல் எண் பெற்ற இல்லினாயை லயோலா 71–58 என்று வென்றதைக் கண்டார். 2025 அக்டோபரில் 106ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவர் வழிகாட்டியாயிருந்த காலத்தில் லயோலா ஆடவர் அணி தேசியப் பட்டத்தை வென்றதே இல்லை. அதனால் அவருடைய அன்பு வீணாயிற்றென்று யாரேனும் சொல்வார்களா?

அதே லயோலா, வெகு காலத்துக்கு முன் 1963இல், பட்டம் வென்றதுண்டு. ஆனால் அவ்வாண்டு மக்கள் நினைவில் நிலைத்தது பட்டமன்று, ஒரு கைகுலுக்கல். லயோலா களமிறக்கிய ஐவரில் நால்வர் கறுப்பின மாணவர். அதற்காக அவர்களுக்கு மிரட்டற் கடிதங்கள் வந்தன. எதிரணியான மிசிசிப்பி ஸ்டேட், வெள்ளையர் மட்டுமே பயின்ற கல்லூரி. கறுப்பினத்தவர் இடம்பெறும் அணிகளோடு ஆடக்கூடாதென்ற எழுதாச் சட்டத்திற்கு அஞ்சி, 1959, 1961, 1962 ஆண்டுகளில் தேசியப் போட்டிக்குப் போகும் தகுதி பெற்றும் அது போகவில்லை. இம்முறையும் நீதிமன்றத் தடையாணை பிறந்தது. ஆணை கைக்கு வந்துசேருமுன் அணி இரகசியமாக மாநிலத்தை விட்டுப் புறப்பட்டது. மார்ச் 15 அன்று, மிச்சிகன் மாநிலத்து ஈஸ்ட் லான்சிங் நகரில், லயோலாவின் தலைவர் ஜெர்ரி ஹார்க்னஸும் மிசிசிப்பி ஸ்டேட் தலைவர் ஜோ டான் கோல்டும் கைகுலுக்கியபோது, நாற்புறமும் புகைப்படக் கருவிகள் மின்னலிட்டன. லயோலா 61–51 என்று வென்றது. 2011இல் கோல்டு மறைந்தபோது ஹார்க்னஸ் இறுதிச் சடங்கிற்குச் சென்றார். அங்கே பேழையருகே அந்தக் கைகுலுக்கலின் படம் வைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். புள்ளிகள் மறந்துபோகும்; எதிரணியானை மனிதனாகக் கண்ட கணம் மறக்காது.

இவ்வளவும் சொன்ன பின் இருண்ட பக்கத்தையும் சொல்லவேண்டும். 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுச் சூதாட்டத்திற்கிருந்த கூட்டரசுத் தடையை நீக்கியது. அதன்பின் பல மாநிலங்கள் அதை அனுமதித்தன. இன்று கையிலுள்ள தொலைபேசியிலேயே பணங்கட்டலாம். பணம் கட்டியவனும் அரங்கைப் பார்த்துக் கத்துகிறான். ஆனால் அவன் நேசிப்பது அணியையன்று. வளையத்தில் விழாத ஒரு பந்துக்காக, பத்தொன்பது வயது மாணவனை முகமறியாதவர்கள் தகாத சொற்களால் ஏசி, மிரட்டியும் எழுதுகிறார்கள். கல்லூரி விளையாட்டுச் சங்கமே இக்கொடுமையைக் கண்டித்திருக்கிறது. இரசிகனுக்கும் சூதாடிக்கும் உள்ள வேறுபாடு தோல்வியில்தான் வெளிப்படும். இரசிகன் தோற்ற பிள்ளைக்காக அழுகிறான். சூதாடி அவன்மேல் சினங்கொள்கிறான்.

ஆகவே, பெற்றோரே, தன் அணி தோற்றதென்று உங்கள் மகன் உண்ணாமல் படுத்திருந்தால், 'இதெல்லாம் ஒரு துக்கமா?' என்று ஏளனம் செய்யாதீர்கள். தனக்கு ஓர் ஆதாயமுமில்லாத ஒன்றுக்காக மனம் வருந்த அவன் பழகுகிறான். அது சிறிய காரியமன்று. அருகே அமர்ந்து, ஆட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். எதிரணியில் நன்றாக ஆடியவன் யார் என்றும் கேளுங்கள். அவன் தயங்காமல் ஒரு பெயரைச் சொன்னால், அவன் நல்ல இரசிகன். பெயர் சொல்ல மறுத்து எதிரணியைத் திட்டினால், அவனுக்கு நீங்கள் கற்றுக்கொடுக்க இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அவன் பணங்கட்டியிருந்தான் என்று தெரியவந்தாலோ, அன்றிரவே பேசிவிடுங்கள். மறுநாளைக்கு ஒத்திப்போட வேண்டாம்.

பிறகு அவனை எழுப்பிச் சோறு போடுங்கள். அடுத்த ஆண்டும் மார்ச் மாதம் வரும். மீண்டும் ஓர் அணி வெல்லும், ஏனையவை தோற்கும். அவனும் மீண்டும் தாளை எடுத்துக்கொண்டு, தன் அணியின் பெயரையே முதலில் எழுதுவான்.