கருஞ்சீரகம் போட்டால் தடுப்பூசி வேண்டாமா?

கேள்வி: என்னிடம் 40 நாட்டுக்கோழிகள் இருக்கின்றன. போன கோடையில் தடுப்பூசி போட்ட பிறகும் ஏழெட்டுக் கோழிகள் வெள்ளைக்கழிச்சலில் செத்துப் போயின. கருஞ்சீரகத்தை இடித்துத் தீவனத்தில் கலந்து போட்டால் எதிர்ப்புச் சக்தி வந்துவிடும், ஊசியே வேண்டாம் என்கிறார்கள். எதை நம்புவது?
- ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்.

கருஞ்சீரகம் போடுங்கள், தவறில்லை. ஆனால், ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.

கருஞ்சீரகத்தில் தைமோகுயினோன் என்ற பொருள் இருக்கிறது. கறிக்கோழிகளுக்குத் தீவனத்தில் 1 சதவிகித அளவில் சேர்த்துப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். ராணிக்கெட் எனும் வெள்ளைக்கழிச்சலுக்கு எதிரான எதிர்ப்பொருள் ரத்தத்தில் கூடியதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. சிலவற்றில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை தடுப்பூசி போட்ட கோழிகளில் நடந்தவை. ஊசி கொடுத்த பலனை விதை கொஞ்சம் தூக்கிக் காட்டியது, அவ்வளவுதான்.

காரணம் எளிது. குறிப்பிட்ட ஒரு வைரஸை அடையாளம் காண உடம்புக்கு அந்த வைரஸையே வலுவிழந்த நிலையில் காட்டியாக வேண்டும். ஊசி அதைச் செய்கிறது. எந்த விதைக்குள்ளும் ராணிக்கெட் வைரஸின் அடையாளம் கிடையாது. விதை செரிமானத்தைச் சீராக்கும், உடம்பைத் தெம்பாக வைத்திருக்கும்.

அப்படியானால் ஊசி போட்டும் ஏன் செத்தன? நானாக இருந்தால் முதலில் தீவன மூட்டையைத்தான் பிரித்துப் பார்ப்பேன். ஈரம் பட்ட மக்காச்சோளத்திலும் கடலைப் பிண்ணாக்கிலும் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் நஞ்சு உருவாகும். அது ஈரலைக் கெடுப்பதோடு எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிடும். அப்படிப்பட்ட கோழிக்கு ஊசி போட்டாலும் சரியாக எடுக்காது. ஒரு கையால் கருஞ்சீரகமும் மறு கையால் பூஞ்சணச் சோளமும் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்! வெயிலில் காயவைத்தால் நஞ்சு போய்விடும் என்பதும் தப்பு. பூஞ்சணம் காயும், நஞ்சு அப்படியே இருக்கும். அந்த மூட்டையைக் கோழிக்குப் போடாதீர்கள்.

அடுத்தது, மருந்து வந்த வழி. ஐஸ் இல்லாமல் சட்டைப்பையில் கொண்டுவந்த மருந்தும், கரைத்து மதியம் வரை வைத்திருந்த மருந்தும் வெறும் தண்ணீருக்குச் சமம். குடற்புழு இருக்கும் கோழிக்கும் ஊசி சரியாக எடுக்காது. ஒரு வாரம் முன்பே புழு நீக்கம் செய்துவிடுங்கள். நோய் கண்ட பிறகு ஓடிப்போய் ஊசி போட்டும் பயனில்லை.

குஞ்சு பொரித்த 7-ம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, 8-வது வாரம் இறக்கையில் தோலுக்கடியில் ஊசி என்ற வரிசையை விடாதீர்கள். கால்நடைப் பராமரிப்புத்துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். மறு ஊசி எப்போது என்பதை உங்கள் கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நான் வேளாண் பட்டம் படித்தவன். கோழி தலையைத் திருகிக்கொண்டு, இறக்கை தொங்கி நின்றால் என்னைக் கேட்டு நேரத்தை வீணாக்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

கருஞ்சீரகக் கணக்குக்கு வருகிறேன். மேய்ச்சல் போக ஒரு கோழிக்கு 50 கிராம் தீவனம் கொடுத்தால், 40 கோழிக்கு 2 கிலோ. அதில் 1 சதவிகிதம் என்றால் நாளைக்கு 20 கிராம், மாதம் 600 கிராம். கடையில் விலையை விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். வாரத்துக்குத் தேவையானதை மட்டும் இடித்து வையுங்கள், நாள்பட்டால் எண்ணெய்ச் சிக்கு பிடிக்கும். மூலிகை விதைதானே என்று கண்டதையும் சேர்க்க வேண்டாம். ஆமணக்கு, குன்றிமணி, ஊமத்தை எல்லாம்கூட விதைகள்தான், கொல்லும் விஷம்.

கேள்வி: ஈன்ற ஆட்டுக்கு வெந்தயம் கொடுத்தால் குட்டிக்கு எதிர்ப்புச் சக்தி கூடுமா?
- ஒரு வாசகி, மணப்பாறை.

வெந்தயம் கொடுத்த ஆடுகளில் பால் கூடியதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். பாலில் வெந்தய வாடை வரலாம், அதனால் கெடுதல் இல்லை. ஆனால், குட்டியின் எதிர்ப்புச் சக்திக்கு நீங்கள் பார்க்க வேண்டியது சீம்பால். ஆட்டில் கருவறை வழியாகத் தாயின் எதிர்ப்பொருள் குட்டிக்குப் போவதில்லை, சீம்பால் வழியாகத்தான் போகும். குடல் அதை உறிஞ்சும் தன்மை மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் ஏறக்குறைய நின்றுவிடும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் உங்கள் பக்கமும் இருந்தால் விட்டுவிடுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஊட்டத் தொடங்க வேண்டும். 2 கிலோ குட்டிக்கு முதல் நாளில் குறைந்தது 200 மில்லியாவது, பல தடவையாகப் பிரித்து, உள்ளே போயிருக்க வேண்டும். மூன்று குட்டி போட்டிருந்தால் கடைசிக் குட்டியை நீங்களே பிடித்து மடியில் வையுங்கள்.