தீப்பெட்டிப் படமும் கைபேசி விளையாட்டும்

ஒரு பொருளின் மேல் ஒட்டும் படம் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள சீமைக்குப் போக வேண்டியதில்லை, நம்ம கோவில்பட்டிக்கும் சிவகாசிக்கும் போனால் போதும் என்பது என் கட்சி. கைபேசி விளையாட்டுச் செய்கிற இளைஞர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். அவர்கள் சிரிக்கிறார்கள். நீங்களாவது முழுக்கக் கேளுங்கள்.

1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டி வந்ததும் அதன்மேல் ஒட்ட லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக அச்சகங்கள் வளர்ந்தன. கோவில்பட்டியில் கொண்டைய ராஜூவும் அவருடைய சீடர்களும் காலண்டர் படங்களால் பெயர் பெற்றார்கள். அந்தத் தீப்பெட்டி லேபிளை நினைத்துப் பாருங்கள். இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். அதில் ஒரே ஒரு உருவம், நாலைந்து நிறம். எழுத்துத் தெரியாதவரும் "கப்பல் மார்க் குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போவார். பெட்டியைத் திறந்தால் உள்ளே தீக்குச்சி இருக்கும். ஏமாற்று எதுவும் கிடையாது.

இன்றைக்கு அந்த லேபிளின் இடத்தில் இருப்பது கூகுள் பிளே ஸ்டோரில் தெரிகிற சின்னச் சதுரப் படம். அதை 512க்கு 512 புள்ளி அளவில் வரைந்து கொடுக்க வேண்டும். ஆனால் நம் கைபேசியில் அது கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதாகத்தான் தெரியும். கண்புரை அறுவை செய்துகொண்ட நமக்கு அதில் நாலு உருவம் இருந்தால் ஒன்றும் விளங்காது. ஒன்று இருந்தால் விளங்கும். தீப்பெட்டிக்காரர்களுக்கு இது நூறு வருஷத்துக்கு முன்பே தெரியும்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருப் பையன் ஒருவன் என்ஜினியரிங் முடித்துவிட்டு, பல்லாங்குழியைக் கைபேசி விளையாட்டாகச் செய்திருக்கிறான். விளையாட்டு அருமை. இரண்டு பக்கமும் ஏழேழு குழி, புளியமுத்து விழும்போது சத்தம்கூட அசலாகக் கேட்கிறது. ஆனால் ஸ்டோரில் போட அவன் வரைந்திருந்த படத்தில் தங்கக் காசுக் குவியல், அதன்மேல் ஒரு கிரீடம், சுற்றிலும் மின்னல். பக்கத்து வீட்டு ஆச்சியிடம் காட்டினான். அவர்கள் பார்த்துவிட்டுக் கேட்டது இது: "எய்யா, இது ரூவா வச்சு ஆடுத ஆட்டமாய்யா? எனக்கு வேண்டாம்."

ஆச்சி கேட்டதில் தப்பில்லை. ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்து உயிரை விட்டவர்களைப் பற்றிய செய்திகளை நாம் எல்லோருமே படித்திருக்கிறோம். அதற்காகத்தான் 2022இல் தமிழக சட்டமன்றம் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடை போட்டது. இப்படிப்பட்ட காலத்தில் தங்கக் காசுப் படத்தைக் கண்டால் நம் வீட்டுப் பெண்கள் ஒதுங்கத்தான் செய்வார்கள். ஐம்பது வருஷம் பல்லாங்குழி ஆடிய கை, இந்தப் பல்லாங்குழியைத் தொடாமலேயே போய்விடும். அந்தப் படத்தால் வந்த நஷ்டம் இதுதான்.

பையன் தன் பக்க நியாயத்தையும் சொன்னான். "கண்ணைப் பறிக்கலேன்னா ஒருத்தரும் தொட மாட்டாங்க தாத்தா. லட்சக்கணக்கில் விளையாட்டு கெடக்கு." அதுவும் உண்மைதான். தீப்பெட்டி லேபிளும் கண்ணைப் பறிக்கும் சிவப்பும் மஞ்சளுமாகத்தான் இருந்தது. நிறத்தை நான் குறை சொல்லவில்லை. உள்ளே இல்லாததை வெளியே வரையாதே என்கிறேன். புளியமுத்தை அள்ளிய ஒரு கை, கீழே நாலு குழி. அதைச் சிவப்புப் பின்னணியில் பெரிதாகப் போட்டால் கண்ணையும் பறிக்கும், உண்மையாகவும் இருக்கும்.

உள்ளே இல்லாததைக் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று உண்டு. பிளேரிக்ஸ் என்ற பெரிய கம்பெனி ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் என்று இரண்டு விளையாட்டு நடத்துகிறது. விளம்பரத்தில் கம்பியை உருவிப் புதிர் அவிழ்ப்பதாகக் காட்டினார்கள். இறக்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிப் பொருள்களைச் சேர்த்து அழிக்கும் ஆட்டம்தான். 2020இல் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு, அந்த விளம்பரங்கள் ஆளைத் தவறாக நம்பவைக்கின்றன என்று சொல்லித் தடை செய்தது. விளையாட்டு நன்றாக இருந்தும் இந்தப் பேச்சு தேவையா?

நம் நாட்டிலேயே 2016இல் வந்த லூடோ கிங் இருக்கிறது. 2020 ஊரடங்கில் எத்தனை வீட்டில் அது ஓடியது! பெயரைக் கேட்டவுடனே என்ன ஆட்டம் என்று புரிந்துவிடுகிறது பாருங்கள்.

இனி எழுத்து. பிளே ஸ்டோரில் பெயருக்கு 30 எழுத்து, சுருக்க விவரத்துக்கு 80 எழுத்து, விரிவான விவரத்துக்கு 4000 எழுத்து வரை இடம். இங்கே தமிழுக்கு ஒரு சங்கடம். கம்ப்யூட்டர் புள்ளியையும் கொம்பையும் காலையும் தனித்தனியாக எண்ணுகிறது. "பல்லாங்குழி" நமக்கு ஆறெழுத்து, அதற்குப் பதினொன்று. ஆகவே எழுதுவதை இன்னும் இறுக்கித்தான் எழுத வேண்டும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். "ரெஸ்யுமே" என்று ஒரு பயிற்சி கொடுப்பார்கள். ஒரு பக்கப் பாடத்தை ஐந்தாறு வரியில் சுருக்க வேண்டும், முக்கியமானது ஒன்றும் விடுபடக் கூடாது. பிறகு அரசு வேலையில் தந்தி எழுதியபோது வார்த்தைக்குக் காசு. இரண்டும் சேர்ந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பெருமை பேசும் சொல்லை முதலில் அடிப்பேன்.

பையன் எழுதியிருந்தது: "உலகின் நம்பர் 1 அதிரடி ஆட்டம்! எதிரிகளை வீழ்த்துங்கள்!" நம்பர் 1 என்பதைப் பெயரிலோ சின்னத்திலோ போடக் கூடாது என்று கூகுளே 2021இல் விதி செய்துவிட்டது. சுருக்க விவரத்தில்கூட நமக்கு எதற்கு? அப்புறம் "எதிரி" யார்? பல்லாங்குழியில் எதிரே இருப்பவர் எதிராளி. ஆச்சிக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பேத்தி எதிரியா?

நான் எழுதிக் கொடுத்தது: "பதினாலு குழியில் புளியமுத்து ஆட்டம். பணம் கட்ட வேண்டாம். இருவர் ஆடலாம்." கம்ப்யூட்டர் கணக்கில் 71 எழுத்து. என்ன ஆட்டம், என்ன செலவு, எத்தனை பேர் என்ற மூன்றுக்கும் பதில் இருக்கிறது.

விரிவான விவரத்தில் முதலில் முறையைச் சொல்லச் சொன்னேன். குழிக்கு ஐந்தா, ஆறா? நாலு சேர்ந்தால் "பசு" என்று எடுக்கலாமா? ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு இது மாறும். சொல்லாமல் விட்டால் ஆச்சிமார் "இது தப்பாட்டம்" என்று ஒதுக்கிவிடுவார்கள். அடுத்து, விளம்பரம் இடையில் வரும் என்றால் அதையும் மறைக்காமல் எழுதச் சொன்னேன். அதோடு காட்டும் திரைப்படங்களில் முதலாவது, ஆட்டம் நடக்கும் பலகையாகவே இருக்கட்டும்.

இரண்டு படங்களைப் பாதிப் பாதிப் பேருக்குக் காட்டி எது எடுபடுகிறது என்று பார்க்கும் வசதியும் ஸ்டோரில் உண்டாம். நல்லது. ஆனால் எத்தனை பேர் இறக்கினார்கள் என்பதோடு நிற்கக் கூடாது. மறுநாளும் எத்தனை பேர் வைத்திருந்தார்கள் என்ற கணக்கும் அதிலேயே வருகிறது. உண்மையான லேபிளுக்கு மார்க் போடுவது அந்த இரண்டாவது கணக்குதான்.

பையன் காசுக் குவியலை எடுத்துவிட்டான். கிரீடத்தை மட்டும் விட மனசில்லை, பேனர் படத்தில் வைத்திருக்கிறான். போகட்டும், வாலிபப் பிள்ளை.

உங்கள் வீட்டுப் பேரன் பேத்தி யாராவது இப்படி ஏதேனும் செய்தால், படத்தை முதலில் அவர்களுடைய சிநேகிதர்களிடம் காட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டிலேயே மூத்தவரிடம், கண்ணாடி போடாமல் இருக்கும்போது, பெயரை மறைத்துக் காட்டி "இது என்ன?" என்று கேட்கட்டும். "பல்லாங்குழி" என்று பதில் வந்தால் படம் சரி. "லாட்டரியா?" என்று கேட்டால் திரும்ப வரையட்டும்.