தங்கம் எடுத்தவன் நெஞ்சைப் படமெடுக்க நிதி இல்லையாம்!



1880இல் ஆங்கிலக் கம்பெனி கோலார் தங்கவயலில் சுரங்கம் தோண்ட வந்தது. வட ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து நம் பாட்டன்மார் மூட்டை முடிச்சோடு வந்து, 3 கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கினார்கள். தங்கம் மேலே வந்தது. கல்தூசி அவர்கள் நெஞ்சுக்குள் போனது. 1940களில் நடந்த சோதனையிலேயே, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் என்று கண்டார்கள்.

28-2-2001 அன்று மத்திய அரசு சுரங்கத்தை மூடியது. நோயை மூட முடிந்ததா? தூசியை விட்டு விலகிய பிறகும் ஆண்டுக்கணக்கில் வளரும் நோய் இது. குழாய் வைத்துக் கேட்டு இதை முடிவுசெய்ய முடியாது. எக்ஸ்ரே வேண்டும், சந்தேகம் என்றால் சி.டி. ஸ்கேன் வேண்டும். படம் இல்லையென்றால் காசநோய் மாத்திரைதான் கைக்கு வரும். சான்றிதழ் வராது, சான்றிதழ் இல்லாமல் நட்டஈடு ஏது?

2015இல் மத்திய அரசு அறிவித்த இலவசப் பரிசோதனைத் திட்டத்தில் சி.டி. ஸ்கேன் மாவட்ட மருத்துவமனையோடு நின்றுவிட்டது. மாவட்ட மருத்துவமனையோ கோலார் நகரில், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி. அங்கே முடியாவிட்டால் பெங்களூர், 100 கிலோமீட்டர். மூச்சிரைக்கும் கிழவர் தனியே போக முடியுமா? கூடப் போகும் மகனுக்கு அன்றைய கூலி போச்சு. படம் எடுக்க ஒருநாள், அறிக்கை வாங்க இன்னொரு நாள். இதற்குப் பெயர் இலவசமாம்!

2018இல் ஆயுஷ்மான் பாரத் வந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் என்று முழங்கினார்கள். ஆனால் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம். வெளிநோயாளியாக எடுக்கும் ஸ்கேனுக்கு இல்லை. நோயைக் கண்டுபிடிக்கப் பணம் கிடையாது. முற்றி விழுந்தால் உண்டு. என்ன நியாயம் இது?

கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். 2025க்குள் நாட்டு வருமானத்தில் 2.5 சதவீதத்தை அரசுகள் மக்கள் நலத்துக்குச் செலவிடும் என்று 2017இல் எழுதிக் கொடுத்தவர்கள் யார்? 2021-22இல் செலவிட்டது 1.84 சதவீதமே!

மனம் இருந்தால் வழி உண்டு என்பதற்குத் தங்கவயலே சாட்சி. சுரங்கத்தோடு முடங்கிக் கிடந்த பழைய கம்பெனி ஆஸ்பத்திரியை, 2021 கொரோனா காலத்தில் சில வாரங்களிலேயே துப்புரவாக்கிப் படுக்கை போட்டார்கள். 2024 டிசம்பரில் தொடங்கிய காசநோய் இயக்கத்தில், கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவியோடு நாட்டின் பல ஊர்களுக்குப் போனார்கள். மக்களைத் தேடிக் கருவி போக முடியும் என்றால், சுரங்கத் தொழிலாளர் லயன்களுக்கு மட்டும் ஏன் வரக்கூடாது?

நாம் பிச்சை கேட்கவில்லை. உயிரோடிருக்கும் ஒவ்வொரு முன்னாள் சுரங்கத் தொழிலாளிக்கும் ஆண்டுக்கு ஒருமுறை லயனிலேயே நெஞ்சுப்படம். அதைப் படிக்கத் தேர்ந்த மருத்துவர். ஸ்கேனுக்கு அனுப்பினால் துணைக்கு வருபவருக்கும் சேர்த்துப் பயணப்படி. வெளிநோயாளி ஸ்கேனுக்கும் காப்பீடு. இவை நான்கும் வேண்டும்.

நாட்டின் கஜானாவை நிரப்பிய நெஞ்சு இது. அதை ஒருமுறை படமெடுத்துப் பார்ப்பது அரசின் கடன். அந்தக் கடனை வசூலிக்க, லயனுக்கு லயன் பெயர்ப்பட்டியல் எடுப்போம். ஒன்றாகத் திரண்டு கேட்போம்!